தாய்லாந்துத் தீவுகளில் மழைக்காலம்: மேகத்தை விடுங்கள், அலையைப் பாருங்கள்

‘ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை’ என்பது சமுய் தீவுக்கும் அப்படியே பொருந்தும். சமுய், பங்கன், தாவ் மூன்றும் தாய்லாந்து வளைகுடாவில் இருக்கின்றன. சென்னைக்கு மழை கொடுக்கும் அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் அங்கேயும் கொட்டுகிறது. அக்டோபர் பாதியில் பிடிக்கும், நவம்பரில் உச்சம், டிசம்பர் நடுவில் மெல்ல விடும். புக்கெட், பீ பீ, லந்தா எல்லாம் தீபகற்பத்தின் மறுபக்கம், அந்தமான் கடலில். அங்கே மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குக் காற்று. செப்டம்பரும் அக்டோபரும்தான் நனைந்து கிடக்கும் மாதங்கள். நடுவில் ஓடும் மலைத்தொடரின் வேலை இது. ஜூனில் கேரளம் நனையும்போது சென்னை காய்கிறதே, அதே கணக்கு.

ஆகவே ‘தாய்லாந்தில் இப்போது மழையா?’ என்று கேட்டால் பதில் கிடைக்காது. எந்தக் கடல் என்று கேட்க வேண்டும். ஜூலையில் போகிறவர் சமுய் பக்கமும், டிசம்பர் தொடக்கத்தில் போகிறவர் புக்கெட் பக்கமும் போனால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. பலர் சறுக்கும் இடம் கோ சாங் (தாய் மொழியில் ‘கோ’ என்றால் தீவு). வரைபடத்தில் அது வளைகுடாவில்தான் இருக்கிறது, ஆனால் கம்போடிய எல்லையை ஒட்டி இருப்பதால் தென்மேற்குப் பருவமழை முழுவதையும் வாங்கிக்கொள்ளும். சமுய் மாதிரி இருக்கும் என்று நம்பி ஆகஸ்டில் போய் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

நாட்காட்டி மட்டும் போதாது. 2011 மார்ச் கடைசியில், வெயில் காலம் என்று எல்லாரும் நினைத்திருந்த நேரத்தில், மழை பிடித்துச் சமுய் வெள்ளக்காடானது. கோ தாவில் சிக்கியவர்களை ஏற்றிவர தாய்லாந்துக் கடற்படை தன் விமானந்தாங்கிக் கப்பலையே அனுப்பியது. 2019 ஜனவரி 4 அன்று பாபுக் புயல் நகோன் சி தம்மராத் கரையில் ஏறியபோது தீவுப் படகுகள் எல்லாம் நின்றன. இந்த வளைகுடா நமக்கும் அந்நியம் இல்லை. 2018இல் டெல்டாவைச் சாய்த்த கஜாவின் தொடக்கம் அங்கே உருவான தாழ்வுப் பகுதிதான்.

முன்னறிவிப்பை எப்படிப் படிப்பது

தாய்லாந்து வானிலைத் துறையின் அறிவிப்பில் ‘60 சதவீதம்’ என்று பார்த்ததும் மழைக்கு 60 சதவீத வாய்ப்பு என்று எடுத்துக்கொள்வார்கள். அது அப்படி இல்லை. அந்தப் பகுதியில் 60 சதவீத இடங்களில் மழை பெய்யும் என்பதுதான் பொருள். எவ்வளவு நேரம், எவ்வளவு கனமாக என்பதை அந்த எண் சொல்லாது. அளவுக்குத் தனிச் சொற்கள் உண்டு: 24 மணி நேரத்தில் 35 மில்லிமீட்டரைத் தாண்டினால் கனமழை, 90ஐத் தாண்டினால் மிகக் கனமழை. இரண்டாவது சொல் அறிவிப்பில் வந்தால் அன்றைக்கு மலைப்பாதைப் பயணம் எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் தீவில் இருப்பவர் முதலில் பார்க்க வேண்டியது கடைசி வரியை, அதாவது அலை உயரத்தை. அறைக்குள் இருந்தால் மழை ஒன்றும் செய்யாது. படகை நிறுத்துவது அலைதான். ஒரு மீட்டர் என்றால் வழக்கம்போல எல்லாம் ஓடும். இரண்டு மீட்டர் என்றால் ஸ்பீட்போட்டில் ஏறாதீர்கள். ‘2 முதல் 3 மீட்டர், இடிமழைப் பகுதியில் அதற்கும் மேல்’ என்றும், ‘சிறு படகுகள் கரையை விட்டுக் கிளம்ப வேண்டாம்’ என்றும் வந்தால் அதிவேகக் கட்டமரான்கள் (இரட்டை அடிப்பகுதி கொண்ட பயணிகள் படகுகள்) ரத்தாகத் தொடங்கும். கார்களை ஏற்றும் பெரிய ஃபெர்ரிகள் கடைசியாகத்தான் நிற்கும், முதலில் மீண்டும் ஓடும். வானிலைத் துறையின் தொலைபேசி எண் 1182.

படகும் பயணத் திட்டமும்

திரும்பும் விமானம் பாங்காக்கிலிருந்து என்றால், மழைக்காலத்தில் குறைந்தது ஒரு முழு நாள், கோ தாவிலிருந்து வருவதானால் இரண்டு நாள் முன்பே தீவை விட்டு இறங்கிவிட வேண்டும். படகு ரத்தானால் படகுக் கட்டணம் திரும்பி வரும், தவறிய விமானத்துக்கு யாரும் தரமாட்டார்கள். முடிந்தவரை காலையின் முதல் படகைப் பிடியுங்கள். அது ரத்தானாலும் அன்றே ஓட இன்னும் படகுகள் மிச்சம் இருக்கும்.

துறையைத் தேர்ந்தெடுப்பதிலும் காற்றின் திசை பேசுகிறது. வாடை அடிக்கும் நவம்பரில் சமுயின் வடக்கே உள்ள மே நாம், பாங் ரக் துறைகளில் அலை நேராக வந்து மோதும். மேற்கே இருக்கும் நதோனும் லிபா நொய்யும் தீவின் மறைவில் இருக்கின்றன. அங்கிருந்து எதிரே நிலப்பகுதியில் உள்ள டோன் சக் துறைக்குப் போகும் கார் ஃபெர்ரி மெதுவானது, சுமார் ஒன்றரை மணி நேரம். அந்த மெதுவே அப்போது நல்லது.

பையின் மேல் மழையுறை மாட்டினால் போதும் என்று நினைப்பார்கள். பைகளைத் திறந்த தளத்தில் குவிப்பார்கள். தண்ணீர் மேலிருந்து மட்டும் வராது, அடியில் தேங்கி முதுகுப்பட்டை வழியாக ஏறும். எனவே பைக்கு உள்ளே ஒரு பெரிய கறுப்புக் குப்பைப் பையை விரித்து, துணியை அதற்குள் வைத்து, வாயை முறுக்கிக் கட்டுங்கள். கடவுச்சீட்டும் மடிக்கணினியும் எப்போதும் கையில். குமட்டல் உள்ளவர்கள் மாத்திரையை ஏறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், குலுங்க ஆரம்பித்த பிறகு போட்டால் வாந்தியோடு அதுவும் போய்விடும். கீழ்த்தளத்தில், நடுவிலிருந்து பின்பக்கமாக உட்காருங்கள். மூக்குப் பக்கம்தான் தூக்கிப் போடும்.

லந்தாவுக்கு மழைக்காலத்தில் பயணிகள் படகு பெரும்பாலும் நின்றுவிடும், ஆனால் கிராபியிலிருந்து வேனும் கார் ஃபெர்ரியுமாகப் போகும் வழி ஆண்டு முழுவதும் உண்டு. சிமிலான் தீவுகள் மே 16 முதல் அக்டோபர் 14 வரையும், பீ பீயின் மாயா விரிகுடா ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டு மாதமும் மூடியிருக்கும். அந்த நாட்களில் அங்கே கூட்டிப்போவதாகச் சொல்லும் முகவரிடம் பணம் கட்டாதீர்கள்.

எந்தப் பக்கக் கரை

காற்றுக்கு முதுகு காட்டும் கரையில் அறை எடுப்பதுதான் சூத்திரம். நவம்பரில் சமுயின் சவேங், லமாய் இரண்டும் கிழக்கே பார்த்தவை, அலை மணலையே அரித்துக்கொண்டு போகும். மேற்குக் கரையில் அதே நாளில் குளம்போலக் கிடக்கும். புக்கெட்டில் ஆகஸ்டில் இது தலைகீழ்: படோங், கரோன், கட்டா கொந்தளிக்கும், கிழக்கே சலோங் விரிகுடாவும் பன்வா முனையும் அடங்கியிருக்கும்.

புக்கெட்டின் மேற்குக் கரைகளில் மழைக்காலத்தில் ஆளைக் கொல்வது அலையின் உயரத்தை விட இழுப்பு நீரோட்டம். பார்வைக்கு அது அலை உடையாத, அமைதியான, சற்றுக் கலங்கிய ஒரு பட்டையாகத் தெரியும். நீந்தத் தோதான இடம் என்று நம்மவர்கள் இறங்குவது அங்கேதான். சிவப்புக் கொடி என்றால் முழங்கால் அளவுகூட வேண்டாம். சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த கொடிகள் நட்டிருந்தால் அவற்றுக்கு நடுவில் மட்டும் குளிக்கலாம். இழுத்துவிட்டால் கரையை நோக்கிப் போராடாமல் மிதந்தபடி, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வாருங்கள்.

சமுய், பங்கன் பக்கம் மழை மாதங்களில் பெட்டி ஜெல்லிமீன் வரும். ஆள் இறந்ததும் உண்டு. அதற்காகத்தான் பல கரைகளில் கம்பத்தில் வினிகர் பாட்டில் கட்டி வைத்திருக்கிறார்கள். கொட்டினால் குறைந்தது அரை நிமிடம் வினிகரை ஊற்ற வேண்டும். தேய்க்கக் கூடாது, நல்ல தண்ணீரில் கழுவக் கூடாது. இரண்டுமே மிச்சமுள்ள கொடுக்குகளை வெடிக்க வைக்கும். அவசர மருத்துவ உதவிக்கு 1669.

அறை பார்க்கும்போது

சுவரின் அடிப்பகுதியில் கோடு போட்டதுபோல் ஈரத் தடம் இருக்கிறதா, புதிதாக ஓரடி உயரத்துக்கு மட்டும் வர்ணம் பூசியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் வெள்ளம் வந்து போன அடையாளம். ஓடை முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் வேண்டாம். வெட்டிய மலைச்சரிவின் கீழே கண்டிப்பாக வேண்டாம். 2024 ஆகஸ்டில் புக்கெட்டின் கரோன் பகுதியில் மலைச்சரிவு இறங்கி 13 பேர் இறந்தார்கள். கனமழையில் ஓடைநீர் திடீரென்று செம்மண் நிறமானாலும், மரம் சாய ஆரம்பித்தாலும், பொருளை எடுக்க நிற்காமல் வெளியே வந்துவிட வேண்டும். ஓலைக் கூரைக் குடில் படத்தில் அழகு. நவம்பரில் அதன் அடியில் பக்கெட் வைத்துத் தூங்க வேண்டியிருக்கும். மாடி அறை, நீண்ட தாழ்வாரம், எதிரெதிர் சன்னல், இவை போதும்.

மின்சாரம் போனால் தண்ணீரும் போகும். புதிதாக வருகிறவர் யோசிக்காத விஷயம் இது. தென்னை மட்டை கம்பியில் விழும், விளக்கு அணையும், தரைத்தொட்டியிலிருந்து தண்ணீரைத் தள்ளும் மோட்டாரும் அதோடு நிற்கும். ஷாம்பு நுரையோடு நிற்கும்போதுதான் அது உறைக்கும். எனவே காற்று வலுக்கும் மாலையில் குளியலறையில் 20 லிட்டர் வாளி ஒன்றை நிரப்பி மூடி வையுங்கள். குடிக்க ஆளுக்கு நாளைக்கு 3 லிட்டர் வீதம் மூன்று நாளைக்கு வேண்டும். பவர் பேங்க், தலையில் மாட்டும் விளக்கு, கொஞ்சம் ரொக்கம் எடுத்து வையுங்கள், ஏடிஎம் எந்திரமும் மின்சாரத்தில்தான் ஓடுகிறது. 2012 டிசம்பரில் சமுய் கிட்டத்தட்ட மூன்று நாள் இருட்டில் கிடந்தது.

ஸ்கூட்டர்

மழை பிடித்த முதல் கால் மணி நேரம்தான் சாலை மிக வழுக்கும்: தூசியும் எண்ணெயும் கலந்து பசைபோல இருக்கும். அந்த நேரம் ஒதுங்கி நின்று ஒரு காப்பி குடிப்பது நல்லது. பங்கனில் ஹாட் ரின் போகும் கான்கிரீட் ஏற்ற இறக்கங்களில், வளைவின் உள்பக்கம் மழைநீர் கொண்டுவந்த மணல் படர்ந்திருக்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளையும்போது பிரேக்கைத் தொடாமல் போங்கள். தேங்கிய நீர் சக்கர மையம் வரை வந்தால் திரும்பிவிடுங்கள். பெல்ட் பெட்டிக்குள் நீர் புகுந்தால் எஞ்சின் உறுமும், வண்டி நகராது. நீருக்குள் அணைந்துவிட்டால் திரும்ப ஸ்டார்ட் செய்யாதீர்கள், காற்று வடிகட்டி வழியாக நீரை உறிஞ்சினால் எஞ்சினுக்கே செலவு வைக்கும். போர்வை மாதிரியான மழைக்கோட்டு காற்றில் பறந்து கண்ணை மறைக்கும், சட்டையும் கால்சட்டையும் தனித்தனியாக உள்ள வகைதான் ஓட்டுகிறவருக்கு. இருசக்கர வாகனத்துக்கான பன்னாட்டு அனுமதி இல்லாமல் விழுந்தால் காப்பீடு கை விரிக்கும்.

ஈரமும் கொசுவும்

பத்து நாளில் தோல் பெல்ட்டில் பூசணம் பூக்கும். அலமாரியை அடைத்து வைத்தால் இன்னும் வேகமாக. கதவைச் சற்றுத் திறந்து வையுங்கள், துணியைச் சுவரில் ஒட்டாமல் அடுக்குங்கள். ஏசியில் துளி படம் போட்ட உலர்த்தும் முறை இருக்கும், தினம் ஒரு மணி நேரம் சன்னலைச் சாத்திவிட்டு அதை ஓட்டினால் அறை மாறிப்போகும். நனைந்த துணியைக் குவித்து வைத்தால் வரும் முடைநாற்றம் லேசில் போகாது. கடைசி அலசலில் அரைக் குவளை வினிகர் சேர்த்துப் பாருங்கள். அதைவிடச் சுலபம், உலர்த்தும் எந்திரம் உள்ள சலவைக் கடை. காலணியை உதறாமல் காலை விடாதீர்கள், மழைக்கு ஒதுங்கிய பூரான் உள்ளே இருக்கலாம்.

டெங்கு கொசு சாக்கடையில் வளராது, நல்ல தண்ணீரில் வளரும். பூந்தொட்டித் தட்டு, தேங்காய் ஓடு, வாளி எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை கவிழ்க்க வேண்டும். கவிழ்க்க முடியாத தொட்டிக்கு அங்கே ‘சாய் அபேத்’ என்னும் மணல் போன்ற மருந்து போடுவார்கள், 10 லிட்டருக்கு 1 கிராம். காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும். இபுப்ரொஃபெனும் ஆஸ்பிரினும் ரத்தக்கசிவைக் கூட்டும். காய்ச்சல் இறங்கும் நாளில்தான் கவனம் வேண்டும்: வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் என்றால் உடனே மருத்துவமனை. கோ தாவில் இருப்பவர் அலை அறிவிப்பையும் சேர்த்துப் பார்த்து, படகு நிற்பதற்கு முன்பே சமுய் போய்விடுவது புத்திசாலித்தனம். வெள்ளநீரில் செருப்பில்லாமல் நடப்பது எலிக்காய்ச்சலுக்கு வழி.

சாப்பாட்டு விஷயத்தில் பெரிய குறை இருக்காது. ஜூலை, ஆகஸ்டில் துரியன், ரம்புத்தான், மங்குஸ்தான் எல்லாம் தெற்கில் மலிவு. மங்குஸ்தானின் அடியில் உள்ள பூ இதழ்களை எண்ணினால் உள்ளே எத்தனை சுளை என்று வெட்டாமலே சொல்லிவிடலாம். நவம்பரில் மட்டும் சிறு படகுகள் போகாத நாட்களில் கணவாயும் மீனும் விலையேறும். படகு இரண்டு நாள் நின்றால் முதலில் காலியாவது கீரையும் முட்டையும், பிறகு பெட்ரோல். அறிவிப்பில் 3 மீட்டர் அலை தெரிந்த அன்றே தொட்டியை நிரப்பி, முட்டை ஒரு தட்டு வாங்கிவிடுங்கள்.

காற்று ஓய்ந்த பிறகும் அலை ஒரு நாள் ஓயாது. படகுகள் மீண்டும் ஓடும் முதல் காலையில் துறையில் இரண்டு நாள் கூட்டமும் சேர்ந்து நிற்கும், கடலும் இன்னும் தூக்கிப்போடும். உடனே பிடிக்க வேண்டிய விமானம் இல்லையென்றால் மறுநாளுக்குப் படகுச் சீட்டை மாற்றிக்கொள்ளுங்கள். அன்று மதியம் காய்கறி லாரி இறங்கிவிடும்.