லிஃப்ட் போட்டு உயர்த்தின ஜீப்புக்கு கட்டுப்படியான விலையில ஷொக் எடுக்கிறது எப்பிடி

ஷொக் அப்சோபர் வாகனத்தத் தூக்கிப் பிடிக்கிற சாமான் இல்ல, இத முதல்ல மண்டைக்குள்ள போட்டுக்கொள்ளுங்க. பாரம் தாங்குறது ஸ்ப்ரிங், அது துள்ளுறத அடக்குறதுதான் ஷொக்கின்ட வேல. ஐஸ் பெட்டியும் மீனும் ஏத்தினா பின்பக்கம் குந்துது எண்டு ஹெவி டியூட்டி ஷொக் தேடி அலையுற ஆக்கள் திருகோணமலையில கனபேர், அந்தக் காசுக்கு ஸ்ப்ரிங்குக்கு லீஃப் பட்டை ஒண்டு கூடப் போட்டா அலுவல் முடிஞ்சுது.

அடுத்தது வாகனம் எப்பிடி உயர்ந்தது எண்டு குனிஞ்சு பாருங்க. சேசிக்கும் பொடிக்கும் இடையில கட்டை வைச்சு உயர்த்தின பொடி லிஃப்ட் எண்டா ஷொக் இருக்கிற இடத்தில ஒண்டுமே மாறேல்ல, கொம்பனி அளவே காணும். பழைய பஜரோ மாதிரி முன்னுக்கு டோர்ஷன் பார், அதாவது ஸ்ப்ரிங்குக்குப் பதிலா முறுகுற கம்பி, இருக்கிறதுகள்ல போல்ட்ட முறுக்கித்தான் உயர்த்தியிருப்பாங்க, அதில சில்லு மேல கீழ போற மொத்த தூரம் கூடுறதில்ல, சில்லப் பிடிக்கிற கை, அதுதான் ஆம் எண்டுறது, சும்மா நிக்கேக்கயே கீழ இறங்கி நிக்கும். அதுக்கு நீளமான ஷொக் வாங்கியும் பிரயோசனம் இல்ல, ஆம் அதின்ட தடையில போய் முட்டும், ஷொக்கில மிச்சம் இருக்கிற நீளம் சும்மா கிடக்கும். விகோ ஹைலக்ஸ் மாதிரி கொயில் ஸ்ப்ரிங்குக்குள்ள ஷொக் இருக்கிறதில மேல ஸ்பேசர் கட்டை மட்டும் போட்டிருந்தா பழைய அளவே சரி, ஆனா ஸ்ப்ரிங் கொம்ப்ரசர் இல்லாம வீட்டுல கழட்ட வெளிக்கிட வேணாம், அமத்தி நிக்கிற ஸ்ப்ரிங் விடுபட்டா ஆளையே முடிச்சிடும்.

நீள விளையாட்டு உண்மையா வாறது ரெண்டு சில்லையும் ஒண்டாப் பிடிக்கிற முழு அக்ஸில்ல, அதாவது பின்பக்கம், பழைய ஜீப், ஜிம்னி எண்டா முன்பக்கமும். இங்க ரெண்டு அளவு வேணும், மூடின நீளம், விரிஞ்ச நீளம். கடையில "ரெண்டு இஞ்சி லிஃப்ட்டுக்கு இது சரி" எண்டு சொன்னா தலையாட்டிட்டு வராதீங்க, உங்கட ஸ்ப்ரிங் எத்தின வருசம் குந்திக் கிடந்தது எண்டு அவருக்கு எப்பிடித் தெரியும்?

சமமான நிலத்தில வழமையா ஏத்துற பாரத்தோட நிப்பாட்டுங்க. மேல் போல்ட்டின்ட நடுவில இருந்து கீழ் போல்ட்டின்ட நடுவுக்கு அளங்க, உதாரணத்துக்கு 460 மில்லிமீற்றர் எண்டு வைப்பம். பிறகு அக்ஸில் சேசியில அடிபடாமத் தடுக்கிற பம்ப் ஸ்டொப் ரப்பருக்கும் அது போய் முட்டுற இடத்துக்கும் உள்ள இடைவெளி, அது 75, ரப்பர் நசியுறதுக்கு ஒரு 25 விடுங்க. 460ல 100 போனா 360, அப்ப மூடின நீளம் 350க்குக் கிட்ட இருக்கிற ஷொக்தான் பாதுகாப்பு. ஏனெண்டா பள்ளத்தில விழேக்க ரப்பர் முட்ட முந்தி ஷொக் முட்டினா உள்ள வால்வு உடையும், இல்லாட்டி மேல் பிராக்கெட் சேசியோட பிய்ஞ்சு வரும். ஷொக் சரிஞ்சு நிண்டா கணக்கு கொஞ்சம் இளகும், அது உங்களுக்கு லாபம்தான். விரிஞ்ச நீளத்துக்கு, சேசிய ஜக்கில தூக்கி ஸ்டாண்டில வைச்சு, பழைய ஷொக்கக் கழட்டிவிட்டு அக்ஸில் தொங்குற வரைக்கும் விட்டு அளக்கோணும், அப்ப பிரேக் ஹோஸ் இழுபடுதா எண்டும் பாருங்க, இழுபட்டா ஹோஸ நீட்டுங்க இல்லாட்டி ஷொக்கின்ட நீளத்தக் குறைங்க. தொங்கேக்க 560 வந்தா, மூடினா 350 விரிஞ்சா 550 வாற ஒண்டு அழகாப் பொருந்தும்.

ஒரு ஷொக் மூடின நீளத்தப் போல ரெண்டு மடங்குக்கு ஒருநாளும் விரியாது, பொடியும் தலையும் இடம் எடுக்குமே. அதால விரிஞ்ச நீளத்த மட்டும் பாத்து வாங்கினா மூடின நீளம் கூடிப்போகும். ஷொக்கின்ட நுனியில எக்ஸ்டென்ஷன் கட்டை போடுறதும் இதே கததான், விரிஞ்ச நீளத்தக் கூட்டுற அளவுக்கு மூடின நீளத்தையும் கூட்டும், அதோட பம்ப் ஸ்டொப்பையும் அதே அளவுக்கு இறக்கினாத்தான் சரி. ஒரு இஞ்சி ஒன்றரை இஞ்சி லிஃப்ட் எண்டா பெரும்பாலும் கொம்பனி நீளமே ஓடும், சும்மா செலவழிக்க வேணாம்.

காசு மிச்சம் பிடிக்க எனக்குப் பிடிச்ச வழி, லிஃப்ட் கிட் எண்டு பேர் போட்ட பெட்டிய விட்டுட்டு, கேவைபி, மொன்ரோ மாதிரி சாதாரண பிராண்டுகளின்ட கட்டலொக்கில நீளத்த வைச்சுத் தேடுறது. வேற ஒரு வாகனத்தின்ட பின் ஷொக் உங்கட அளவுக்கு வரும், ரெண்டு பக்கமும் வளையமா, இல்ல மேல கம்பி நட்டா எண்டு மட்டும் ஒத்துப்போகோணும், புஷ்ஷின்ட ஓட்டையும் போல்ட் தடிப்பும் அளந்துகொள்ளுங்க. அடுத்தது பாரம், இலேசான வாகனத்து ஷொக்க டபுள் கேப்புக்குப் போட்டா துள்ளும், மாறிப் போட்டா முதுகு போகும்.

ட்வின் ட்யூபா (ஒண்டுக்குள்ள ஒண்டா ரெண்டு குழாய்) மோனோ ட்யூபா (ஒரே குழாய்) எண்டு சண்ட பிடிக்கிறாங்க. மோனோ ட்யூப்பில ஒயிலும் காஸும் தனிப் பிஸ்டன் ஒண்டால பிரிஞ்சு நிக்கும், சூடு நேர வெளிய போகும், ஆனா விலை கூட, கல்லுப் பட்டு பொடி நெளிஞ்சா பிஸ்டன் இறுகி ஆள் சரி. நிலாவெளி, குச்சவெளிக் கடற்கரை மணலும், பள்ளம் நிறைஞ்ச வயல் பாதையும் மெதுவான ஓட்டம், அதுக்கு நைட்ரஜன் அடைச்ச ட்வின் ட்யூப் தாராளம். கிறவல் றோட்டில சலவைப் பலகை மாதிரி வரி விழுந்திருக்குமே, அதில நெடுக வேகமா ஓடுற ஆளுக்குத்தான் ஒயில் சூடாகி நுரைச்சு ஷொக் செத்துப்போற பிரச்சின, அவர் பில்ஸ்டைன் மாதிரி மோனோ ட்யூப் யோசிக்கலாம்.

பழைய சாமான் விக்கிற கொழும்புப் பஞ்சிகாவத்தையில பாவிச்சது எடுக்கலாமா? எடுக்கலாம், ஆனா கொழும்புக்கு 250 கிலோமீற்றருக்கு மேல ஓடிப்போய் வாங்குறதால அங்கேயே பாத்துடுங்க. கடைக்காரர் துணியால துடைச்சுத்தான் நீட்டுவார், அந்தத் துணியின்ட நிறத்தையும் ஒருக்கா பாருங்க, ஒயில் பட்டிருந்தா ஷொக் கசியுது. ஷாஃப்ட்ட முழுசா இழுத்து நகத்தால மேல இருந்து கீழ வருடுங்க, நகம் எங்கயாவது தட்டினா அங்க துரு அரிச்சிருக்கு, அது சீல வெட்டும், வேணாம். நிமித்தி வைச்சு கொஞ்சத்தரம் அமத்தி இழுங்க, திசை மாறேக்க ஒரு இடத்தில சும்மா வழுக்கினா உள்ள ஒயில் குறைஞ்சிருக்கும், இல்லாட்டி வால்வு தேஞ்சிருக்கும். காஸ் ஷொக் எண்டா அமத்தி விட்டதும் தானா எழும்போணும், வெறும் ஒயில் ஷொக் எழும்பாது, அது பழுது இல்ல.

எங்கட ஊர்ல ஷொக்கக் கொல்லுறது உப்புதான். கடற்கரையால வந்தா நல்ல தண்ணியால ஷாஃப்ட்ட அடிச்சுக் கழுவுங்க. ஸ்டைலுக்குப் போடுற ரப்பர் உறை ஈர மணல உள்ள பிடிச்சு வைச்சிருக்கும், எனக்கு அது பிடிக்கிறேல்ல.

பூட்டேக்க சோடியா மாத்துங்க. ட்வின் ட்யூப்ப பூட்ட முந்தி நிமித்திப் பிடிச்சு நாலஞ்சுதரம் அமத்தி காத்த வெளியேத்துங்க. புஷ் போல்ட்டுகள, வாகனம் சில்லில நிக்கேக்கதான் கடைசியா இறுக்கோணும், தொங்கவிட்டு இறுக்கினா ரப்பர் எந்த நேரமும் முறுகி நிண்டு கெதியில கிழியும். பிறகு ஒரு கிறவல் றோட்டில நல்லா ஓடிட்டு வந்து நாலு ஷொக்கையும் கவனமா தொட்டுப் பாருங்க, ஒரே அக்ஸில்ல ஒண்டு சுட்டு மற்றது குளிரா இருந்தா குளிர்ந்தது வேல செய்யேல்ல, அதுக்குத்தான் பில்ல எறியாதீங்க எண்டுறது.