எலும்புக்கு சோயா: மாத்திரை வேண்டாம், தவ்குவா வாங்குங்கள்

மாதவிடாய் நின்ற தோழிகள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "சோயா மாத்திரை வாங்கலாமா?" என்றுதான். வேண்டாம், அந்தக் காசுக்கு ஈரச்சந்தையில் தவ்குவாவும் (சோயா பாலை உறையவைத்துச் செய்யும் கட்டித் தவ்ஃபு) தெம்பேயும் (புளிக்கவைத்த சோயாக் கட்டி) வாங்குங்கள் என்பேன்.

நம் எலும்பை ஒருவகை செல்கள் கரைத்துக்கொண்டே இருக்கும், இன்னொரு வகை கட்டிக்கொண்டே இருக்கும். கரைக்கும் செல்களை அடக்கி வைப்பது ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோன். மாதவிடாய் நின்றதும் அது குறைய, கரைப்பு முந்திக்கொள்ளும். சோயாவின் ஐசோஃபிளேவோன்கள் (ஜெனிஸ்டீன், டெய்ட்சீன்) உருவில் ஈஸ்ட்ரோஜனை ஒத்தவை. ஆய்வுக்கூடத்தில் எலும்புச் செல்களோடு சேர்த்துப் பார்த்தால் கட்டுவது கூடுகிறது, கரைப்பது குறைகிறது. ஆனால் அமெரிக்காவில் பெண்களுக்குத் தினமும் 200 மில்லிகிராம் மாத்திரையாக 2 ஆண்டு கொடுத்தும் எலும்புத் தேய்மானம் நிற்கவில்லை.

உணவின் கதை வேறு. இங்கே சிங்கப்பூரில் 1993 முதல் 1998 வரை 63,000க்கும் மேற்பட்ட சீனர்களை ஓர் ஆய்வில் சேர்த்துப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். நாளுக்குச் சுமார் 50 கிராம் தவ்ஃபு அளவுகூட சோயா சாப்பிடாத பெண்களைவிட, அதற்குமேல் சாப்பிட்டவர்களுக்கு இடுப்பெலும்பு முறிவு 21 முதல் 36 விழுக்காடு குறைவு. ஆண்களிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை. சோயா மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் 50 கிராம் என்பது கட்டித் தவ்குவாவில் ஒரு சின்னத் துண்டுதானே!

பாக்கெட்டில் கால்சியம் சல்பேட் என்று போட்டிருக்கும் தவ்குவாவாகப் பாருங்கள், கால்சியமும் சேர்ந்து கிடைக்கும். தண்ணீர் போகப் பிழிந்து, சதுரமாக வெட்டி, லேசாகப் பொரித்து, புளிக்குழம்பு கொதித்து இறக்கும் நேரத்தில் போடுங்கள். தெம்பேயை மெல்லிசாக நறுக்கி, மஞ்சள், உப்பு தடவி, கறிவேப்பிலையோடு வறுத்தால் எங்கள் வீட்டில் சோற்றுக்கு வேறு தொட்டுக்கொள்ளத் தேவையில்லை. சோயா பால் என்றால் சீனி சேர்க்காத, கால்சியம் சேர்த்த பெட்டி. கால்சியம் அடியில் தங்கும், நன்றாகக் குலுக்கி ஊற்றுங்கள். சோயா சாஸும் சோயா எண்ணெயும் கணக்கில் வராது.

தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் அதற்கும் சோயாவுக்கும் 4 மணி நேரம் இடைவெளி விடவேண்டும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஐசோஃபிளேவோன் மாத்திரையைத் தொடவே கூடாது.

அப்புறம் ஒரு கணக்கு. உங்கள் வயதிலிருந்து எடையைக் கிலோவில் கழியுங்கள். 20க்கு மேல் வந்தால் எலும்பு மெலிந்திருக்கும் வாய்ப்பு அதிகம். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) எலும்பு அடர்த்தி ஸ்கேன் பற்றிக் கேளுங்கள். என் அம்மாவுக்கு 76 வயது, 49 கிலோ. 27 வந்தது. ஸ்கேன் எடுத்து, வாரம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். தெம்பே இருக்கே, மாத்திரை எதற்கு என்றார். நான் விடவில்லை. அதைக் காலையில் வெறும் வயிற்றில் பச்சைத் தண்ணீரோடு மட்டும் விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருந்து, அதன் பிறகுதான் சோயா பால்.