முதலிடம் தெரியாத புற்றுநோய்: மரபணுப் பரிசோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லீரலிலோ எலும்பிலோ நிணநீர்க் கணுக்களிலோ புற்றுநோய் பரவியிருப்பது உறுதியான பிறகும், அது எந்த உறுப்பில் தொடங்கியது என்பது ஸ்கேன்களில் பிடிபடாத நோயாளிகள் உண்டு. நோய் தொடங்கிய அந்த உறுப்பையே இங்கு முதலிடம் என்கிறோம். மொத்தப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 2 முதல் 5 விழுக்காடு இவ்வகையைச் சேர்ந்தவை.

இந்நிலையில் "மரபணுப் பரிசோதனை" என்ற ஒரே பெயரால் மூன்று வெவ்வேறு சோதனைகளைக் குழப்பிக்கொள்வதே முதல் தவறு. மார்பக, சினைப்பைப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ. மரபணு மாற்றங்கள் போன்ற பரம்பரை மாற்றங்களை இரத்தத்தில் தேடுவது ஒன்று. அது நோய் தொடங்கிய இடத்தைக் கண்டறிவதற்கானதன்று. கட்டியில் உள்ள மரபணுத் திரிபுகளைப் படிப்பது இரண்டாவது. இது பெரும்பாலும் மருந்தைத் தேர்ந்தெடுக்க உதவும், ஆனால் பிராஃப் என்னும் மரபணுவில் வரும் வி600ஈ என்ற ஒரே திரிபு தோல், தைராய்டு, பெருங்குடல் புற்றுநோய்கள் மூன்றிலும் காணப்படுவதால், அதை மட்டும் வைத்து முதலிடத்தை முடிவுசெய்ய இயலாது. கட்டியின் செல்களில் எந்தெந்த மரபணுக்கள் எந்த அளவில் இயங்குகின்றன என்பதை, முதலிடம் தெரிந்த கட்டிகளோடு ஒப்பிடுவது மூன்றாவது. முதலிடத்தை அறிய வேண்டுமெனில் கேட்க வேண்டியது இவ்வகையைத்தான்.

திசுவை வீணாக்குவது அடுத்த தவறு. என் பார்வையில் மிகவும் வருந்தத்தக்கதும் இதுவே. ஊசி பயாப்சியில் கிடைப்பது நூலிழை போன்ற துணுக்கு. செல்களில் உள்ள புரதங்களைச் சாயமேற்றிக் காட்டும், முதலில் செய்ய வேண்டிய இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி சோதனைகளை ஒவ்வொரு ஆய்வகத்திலும் திரும்பத் திரும்பச் செய்தால், மரபணுச் சோதனைக்கு எதுவும் மிஞ்சாது. எலும்பிலிருந்து எடுத்த திசுவை வலுவான அமிலத்தில் ஊறவைத்து மென்மையாக்கினால் டி.என்.ஏ.வும் ஆர்.என்.ஏ.வும் சிதைந்துவிடும் என்பதால், மரபணுச் சோதனை தேவைப்படலாம் என்பதைப் பயாப்சிக்கு முன்பே நோயியல் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது வகைச் சோதனையின் அறிக்கையில் வரும் உறுப்பின் பெயரைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. சோதனைக்குக் கற்பிக்கப்பட்ட புற்றுநோய் வகைகளுக்குள்தான் அது விடை தேடும். கல்லீரல் மாதிரியில் இயல்பான கல்லீரல் செல்கள் கலந்திருந்தால் விடை பிசகலாம். அந்த விடையைப் பின்பற்றிச் சிகிச்சை அளித்தால் ஆயுள் நீளும் என்பதும் உறுதியன்று: 2019இல் வெளியான ஜப்பானிய ஆய்வில் ஓராண்டு உயிர்வாழும் விகிதம் உயரவில்லை, 2024இல் வெளியான சீன ஆய்விலோ நோய் முற்றாமல் இருந்த காலம் 6.6 மாதங்களிலிருந்து 9.6 மாதங்களாக நீண்டது.

சிலருக்கு இச்சோதனைக்காகக் காத்திருக்கவே தேவையில்லை. அக்குள் நிணநீர்க் கணுக்களில் மட்டும் சுரப்பித்திசுப் புற்றுநோய் உள்ள பெண்ணுக்கு, வேறு உறுப்பைச் சுட்டும் அடையாளம் இல்லாத நிலையில், மார்பகத்தில் கட்டி தென்படாவிட்டாலும் மார்பகப் புற்றுநோய்க்கான சிகிச்சையையே அளிப்பது வழக்கம்.