விபத்து இழப்பீடு: செயலி காட்டிய தப்பான இன்சூரன்ஸ் கம்பெனி (என் அனுபவம்)

தேவிபட்டினம் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மீன் ஏற்றி வந்த மினி லாரி இடித்து என் மச்சானுக்கு வலது கால் முறிந்தது. இழப்பீட்டு மனுவுக்காக வண்டி எண்ணை, வண்டி விவரம் காட்டும் அரசின் எம்பரிவாகன் செயலியில் போட்டேன். ஒரு கம்பெனி பெயர் வந்தது. வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். "அந்தத் தேதியில் எங்களிடம் பாலிசி இல்லை" என்று பதில்.

எண் தவறோ என்று எஃப்ஐஆரை எழுத்தெழுத்தாகப் பார்த்தோம், சரியாகத்தான் இருந்தது. ஓனரைத் தேடிப் பாம்பன் வரை போனேன். ஆள் சிக்கவில்லை. இன்சூரன்ஸே இல்லாத வண்டி என்று வக்கீலே சொல்ல ஆரம்பித்துவிட்டார். மூன்று வாரம் போச்சு.

அப்புறம்தான் செயலியில் பாலிசி முடியும் தேதியைக் கவனித்தேன். ஓராண்டுப் பாலிசி என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டால், அது தொடங்கியதே விபத்துக்கு ஒன்பது நாள் கழித்து! செயலி காட்டியது இப்போதைய பாலிசியை. நமக்கு வேண்டியது விபத்து நாளில் உயிரோடிருந்த பாலிசி.

அது மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கையில் இருந்தது. விபத்து வண்டியைப் பரிசோதித்து அவர் தரும் தாள் அது. எஃப்ஐஆர் நகலோடு நின்றுவிட்டதால் நாங்கள் கேட்டு வாங்கவேயில்லை. ஸ்டேஷனில் மனு கொடுத்து நகல் வாங்கினேன். பழைய கம்பெனி, பாலிசி எண் இரண்டும் அதில்.

2022 ஏப்ரல் 1 முதல் மோட்டார் வாகனச் சட்டத்தில், விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்ற கெடு இருப்பதால் பயம் வேறு. நல்லவேளை, 166ஆம் பிரிவுப்படி நாம் குடியிருக்கும் ஊர்த் தீர்ப்பாயத்திலேயே போடலாம். ஐந்தாம் மாதம் ராமநாதபுரத்தில் மனு தாக்கலாகிவிட்டது.