போர் தண்ணியில் கழுவிய காரைக் கறையில்லாமல் துடைப்பது

தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் போர் தண்ணியில் கார் கழுவிவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்தால், பானட் முழுக்க வெள்ளைப் புள்ளி விழுந்திருக்கும். தண்ணீர் ஆவியாகிவிடும், அதில் கரைந்திருந்த கால்சியம், மெக்னீசியம், உப்பெல்லாம் பெயின்ட் மேலேயே தங்கிவிடும். கறுப்பு, கருநீல வண்டிகளில் இது பளிச்சென்று தெரியும். வெள்ளை வண்டியில் கண்ணுக்குத் தெரியாதே தவிர, புள்ளி அங்கேயும் இருக்கும். நாள்கணக்கில் வெயிலில் விட்டால், பெயின்ட்டைக் காக்கும் மேல்பூச்சான கிளியர் கோட் (clear coat) அரிக்கப்பட்டுத் தடம் பதிந்துவிடும். அதன்பிறகு எவ்வளவு துடைத்தாலும் போகாது, பாலிஷ்தான் போட வேண்டும்.

முதலில் நேரம். காலை ஏழு மணிக்குள், அல்லது மாலை வெயில் சாய்ந்தபிறகு, நிழலில் கழுவுங்கள். பானட்டைத் தொட்டால் கை சுடக்கூடாது. ஓட்டிவந்த வண்டி என்றால் என்ஜின் சூடு இறங்க அரை மணி நேரமாவது விடுங்கள். நண்பகலுக்கு மேல் கடல்காற்று எழும்பிவிட்டால் ஒரு பக்கம் துடைத்து முடிப்பதற்குள் மறுபக்கம் தானாகக் காய்ந்துவிடும். கன்டெய்னர் லாரி ஓடும் சாலையோரம் என்றால் ஈரத்தின்மேல் புழுதியும் படியும். அந்தப் புழுதியோடு சேர்த்துத் துடைத்தால் கீறல் நிச்சயம்.

அடுத்தது கடைசி அலசல். பாதிக் கறையைத் தடுப்பது இதுதான். கழுவ போர் தண்ணி போதும். கடைசி ஒரு குடம் மட்டும் மெட்ரோ வாட்டராக இருக்கட்டும். வடசென்னைக்கென்று காட்டுப்பள்ளியில் 2010-ல் திறக்கப்பட்ட மீஞ்சூர் கடல்நீர்க் குடிநீர் நிலையத்தின் திறனே நாளுக்கு 10 கோடி லிட்டர். குழாயில் வருவது பொதுவாக நம் தெரு போரைவிட உப்புக் குறைந்த தண்ணீர். சந்தேகமாக இருந்தால், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை வைத்துப் பாருங்கள். 300-க்கு மேல் காட்டினால் புள்ளி விழும் என்று வைத்துக்கொண்டு வேகமாகத் துடையுங்கள். ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரைச் சிக்கனம் என்று நினைத்து இதற்கு எடுத்துவிடாதீர்கள். உப்பெல்லாம் அதில்தான் செறிந்திருக்கும்.

ஊற்றுவதிலும் முறை இருக்கிறது. பீய்ச்சி அடித்தால் தண்ணீர் ஆயிரம் துளியாகச் சிதறி ஒட்டிக்கொள்ளும். ஹோஸ் இருந்தால் முனையில் இருக்கும் கன்னைக் கழற்றிவிட்டு, மெதுவான ஓட்டத்தில் கூரையிலிருந்து கீழே வழியவிடுங்கள். மக் என்றால் பெயின்ட்டுக்கு மிக அருகில் பிடித்துச் சரித்து ஊற்றுங்கள். தண்ணீர் ஒரே தாளாக இறங்கும்போது மேலே நிற்கும் துளிகளையும் இழுத்துக்கொண்டு போய்விடும். வேக்ஸ் போட்ட வண்டியில் இது இன்னும் நன்றாக வேலை செய்யும். துடைக்க மிஞ்சுவது கொஞ்சம்தான்.

துணிக்கு வருவோம். பனியன் வேஸ்ட், மஞ்சள் துணி, பழைய டர்க்கி டவல் மூன்றும் வேண்டாம். பனியன் வேஸ்ட்டில் தையலும் நைலான் நூலும் கலந்திருக்கும். மஞ்சள் துணி தண்ணீரை உறிஞ்சாமல் இழுத்துக்கொண்டே போகும். கிளியர் கோட் ஏறக்குறைய 40 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லியது. வட்டவட்டமாகத் தேய்த்ததன் அடையாளம்தான் வெயிலில் சிலந்தி வலை மாதிரித் தெரிகிறது. கண்ணாடி துடைக்கும் ரப்பர் வைப்பரையும் பெயின்ட்டில் இழுக்காதீர்கள். அடியில் ஒரு மணல் சிக்கினாலும் கூரை நீளத்துக்குக் கோடு விழும்.

வாங்க வேண்டியது முறுக்கு நூல் மைக்ரோஃபைபர் டவல்: ஏறக்குறைய 60-க்கு 90 சென்டிமீட்டர், 500 ஜிஎஸ்எம்-க்கு (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) மேல், ஓரத்தில் கெட்டித் தையல் இல்லாதது. ஹேட்ச்பேக்குக்கு ஒன்று போதும், எஸ்யூவிக்கு இரண்டு. கண்ணாடிக்குத் தனியாக ஒரு சின்னத் துணி, கீழ்ப்பகுதிக்கும் வீலுக்கும் தனியாக ஒரு பழைய துணி. புது டவலை ஒருமுறை அலசிப் பிழிந்துவிட்டுப் பயன்படுத்தினால் நன்றாக உறிஞ்சும்.

டவலின் இரண்டு முனையைப் பிடித்துக் கூரைமேல் விரித்துப் போடுங்கள். உள்ளங்கையால் லேசாகத் தட்டுங்கள், பிறகு உங்கள் பக்கம் நேராக இழுங்கள். அழுத்தம் வேண்டாம், டவலின் எடையே போதும். கூரைக்குப் பிறகு கண்ணாடிகள், பானட், டிக்கி, அதன்பின் கதவின் மேல்பாதி. கதவின் கீழ்ப்பாதிக்கும் பம்பருக்கும் டவலை மாற்றிவிடுங்கள், மணல் தங்குவது அங்கேதான். டவல் தரையில் விழுந்தால் அன்றைக்கு அதன் வேலை முடிந்தது. உதறிவிட்டுத் தொடரலாம் என்ற யோசனையே வேண்டாம்.

துடைத்து முடித்தபிறகும் சைடு மிரர், கதவுக் கைப்பிடி, நம்பர் பிளேட், டெயில் லைட் இடுக்குகளிலிருந்து தண்ணீர் வழிந்து கோடு போடும். சின்ன எலக்ட்ரிக் புளோவர் இருந்தால் ஒரு சாண் தள்ளிப் பிடித்து இவற்றை முதலிலேயே ஊதிவிடுங்கள். பஞ்சர் கடை கம்ப்ரஸர் காற்று வேண்டாம். டேங்கில் தேங்கிய துருத்தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்து வரும். புளோவர் இல்லையா? நான்கு கதவையும் டிக்கியையும் திறந்து, உள்விளிம்பையும் பெட்ரோல் மூடியையும் பழைய துணியால் ஒற்றி எடுங்கள். கதவின் அடிவிளிம்பில் தண்ணீர் வடியும் சின்ன ஓட்டைகள் இருக்கும். மண் அடைத்திருந்தால் பிளாஸ்டிக் குச்சியால் குத்திவிடுங்கள். உப்புக்காற்றில் கதவு துருப்பிடிப்பது பெரும்பாலும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

பிரேக் டிஸ்க் ஈரமாகவே நின்றால் சில மணி நேரத்தில் ஆரஞ்சு நிறத்தில் துரு பூக்கும். கழுவியதும் தெருவில் மெதுவாக ஓட்டி நாலைந்து முறை பிரேக் பிடியுங்கள், சூட்டில் காய்ந்துவிடும். ஈரத்தோடு ஹேண்ட் பிரேக் போட்டு இரவு முழுக்க விட்டால் சிலசமயம் ஒட்டிக்கொள்ளும். கார் கவரையும் முழுக்கக் காய்ந்தபிறகே போடுங்கள்.

ஏற்கெனவே புள்ளி விழுந்துவிட்டதா? வெள்ளை வினிகர் ஒரு பங்கு, பெட்ரோல் பங்கில் கிடைக்கும் பேட்டரித் தண்ணி (டிஸ்டில்டு வாட்டர், பேட்டரி ஆசிட் அல்ல) ஒரு பங்கு கலந்து, துணியில் நனைத்துப் புள்ளிமேல் ஒரு நிமிடம் ஒற்றி வையுங்கள். பிறகு நல்ல தண்ணீரால் அலசித் துடையுங்கள். நிழலில், குளிர்ந்த தகட்டில் மட்டும், முதலில் ஒரு மூலையில் சோதித்துவிட்டு. இரண்டு முறைக்குப் பிறகும் போகவில்லை என்றால் அது கிளியர் கோட்டில் இறங்கிவிட்டது, நகத்தால் சுரண்டாதீர்கள்.

டவல்களை வீட்டுத் துணியோடு சேர்க்காமல் தனியாக, கொஞ்சம் லிக்விட் டிடர்ஜென்ட் போட்டுத் துவையுங்கள். துணியை மென்மையாக்கும் வாசனை லிக்விட் கூடாது. நூலிழையில் படிந்து உறிஞ்சும் திறனைக் கெடுத்துவிடும். இஸ்திரியும் வேண்டாம். புழுதி படியும் சாலைப் பக்கக் கொடியில் போடாமல் உள்ளே நிழலில் காயவைத்து, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள்.