நிதி ஆய்வுக்கு டேட்டா எங்கே கிடைக்கும்? இறால் ஏற்றுமதியை வைத்து ஒரு செய்முறை

எம்.காம்., எம்.பி.ஏ., பிஎச்.டி. என்று நிதியியலில் ஆய்வு செய்யும் நம் ராமநாதபுரம் மாவட்டத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: “அண்ணே, டேட்டா எங்கே கிடைக்கும்?” புரோவஸ், கேப்பிட்டலைன் மாதிரி காசு கட்டி வாங்கும் தரவுத்தளங்கள் பெரிய நகரத்துக் கல்லூரிகளில் இருக்கலாம். மண்டபத்திலும் தொண்டியிலும் உட்கார்ந்துகொண்டு அவை இல்லாமல் ஆய்வை முடிக்க முடியுமா? தாராளமாக முடியும். தேவையானதில் முக்கால்வாசி இலவசமாகவே இருக்கிறது. கையில் கிடைத்த எண் எதைச் சொல்கிறது என்று புரிந்துகொள்வதுதான் கஷ்டம். அதனால் இந்தப் பதிவில் அதற்கே அதிக இடம். எக்செலில் ஃபைல் திறப்பது எப்படி என்பதெல்லாம் இங்கே வராது.

உதாரணத்துக்கு ஒரு தலைப்பை எடுத்துக்கொள்வோம்: டாலர் மதிப்பும் அமெரிக்க வரியும் இறால் ஏற்றுமதி நிறுவனங்களின் பங்கு விலையை எப்படி அசைக்கின்றன?

படி 1: தேடுவதற்கு முன் யாரைப் பற்றிய ஆய்வு என்று எழுதுங்கள்

எந்த நிறுவனம், எந்த அளவு, எந்தக் காலம், தினசரியா மாதாந்திரமா என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு கணினியைத் திறங்கள். சும்மா சொல்லவில்லை. பாம்பனிலும் மண்டபத்திலும் “எத்தனை கவுண்ட்?” (கிலோவுக்கு எத்தனை இறால்) என்று கேட்டு விலை பேசுகிற இறால் கடலில் பிடித்தது. பங்குச் சந்தையில் இருக்கும் அவந்தி ஃபீட்ஸ், ஏபெக்ஸ் ஃப்ரோஸன் ஃபுட்ஸ் போன்ற நிறுவனங்களோ பெரும்பாலும் ஆந்திரப் பண்ணைகளில் வளரும் வனாமி இறாலை நம்பி ஓடுபவை. அந்தப் பங்கு விலையை வைத்துக்கொண்டு “மண்டபம் மீனவர் வருமானம் குறைந்தது” என்று முடிவு எழுதினால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். மீனவரைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்றால் படி 6-க்குப் போய்விடுங்கள்.

படி 2: கட்டுரைகள்

கூகுள் ஸ்காலரில் ஆங்கிலத்தில்தான் தேட வேண்டும், வேறு வழியில்லை. நல்ல கட்டுரை ஒன்று கிடைத்ததும் அதன் கீழே, அதை மேற்கோள் காட்டியவர்களின் பட்டியலுக்கு ஓர் இணைப்பு இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு முன்னே போங்கள். பழைய கட்டுரை ஒன்றிலிருந்து சமீபத்திய ஆய்வுக்கு வந்து சேர அதுதான் குறுக்கு வழி. நிகழ்வு ஆய்வு முறைக்கு (ஓர் அறிவிப்பையொட்டிப் பங்கு விலை எப்படி அசைந்தது என்று பார்க்கும் முறை) எல்லோரும் தொடங்கும் இடம் ஃபாமா, ஃபிஷர், ஜென்சன், ரோல் நால்வரும் 1969-இல் எழுதிய கட்டுரை. அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

பத்திரிகையில் காசு கேட்டால், அதே கட்டுரையின் முன்வடிவம் எஸ்.எஸ்.ஆர்.என். அல்லது ரீபெக் தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். நிதியியலில் நிறைய பேர் அங்கே போட்டு வைத்திருப்பார்கள். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா. அங்கே அத்தியாயம் அத்தியாயமாக பி.டி.எஃப். கிடைக்கும். அதிலுள்ள முடிவுகளை நம்புவதைவிட, தரவை எங்கிருந்து எடுத்தார்கள் என்று மூன்றாம் அத்தியாயத்தில் பார்ப்பதுதான் லாபம்.

கல்லூரி வழியாகவும் வாசல் உண்டு. ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் கொடுத்தது. 2025 முதல் மத்திய, மாநில அரசுக் கல்வி நிறுவனங்களில் படிப்பவர்களுக்கு 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்கள் கிடைக்கும் என்பது திட்டம். அரசுக் கல்லூரி மாணவர் என்றால் நூலகரிடம் போய் உங்கள் கல்லூரி பதிவு செய்திருக்கிறதா என்று கேளுங்கள்.

மீன்வளம் பக்கம் எழுதுபவர்கள் சி.எம்.எஃப்.ஆர்.ஐ.-யின் (மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம்) இலவச ஈ-பிரிண்ட் களஞ்சியத்தை விட்டுவிடாதீர்கள். 1947-இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் தலைமையகம் பல ஆண்டுகள் நம் மண்டபம் கேம்ப்பில்தான் இருந்தது, பிறகுதான் கொச்சிக்குப் போனது. மன்னார் வளைகுடா, பாக் நீரிணை பற்றிப் பழைய கட்டுரைகள் அங்கே குவிந்து கிடக்கின்றன.

மேற்கோள்களைச் சேர்த்து வைக்க ஸோட்டெரோ. இலவசம், என் ஓட்டு அதற்குத்தான். ஏ.ஐ. சாட்பாட்டிடம் “பத்து ரெஃபரன்ஸ் கொடு” என்று மட்டும் கேட்காதீர்கள். இல்லாத கட்டுரையை, இருக்கிற ஆசிரியர் பெயரில், அழகாகக் கொடுக்கும்.

படி 3: பங்கு விலை

என்.எஸ்.இ. (தேசிய பங்குச் சந்தை) தளத்தில் பவ்காப்பி என்று தினமும் ஒரு ஃபைல் வரும். அன்றைக்கு வர்த்தகமான எல்லாப் பங்குகளின் விலையும் அதில் இருக்கும். நம்பகமானது, ஆனால் அதில் இருப்பது அன்றைய விலை, அவ்வளவுதான். பின்னால் நடந்த போனஸ், பங்குப் பிரிப்பு எதற்கும் பழைய விலையைத் திருத்தியிருக்க மாட்டார்கள்.

இங்கே கொஞ்சம் நின்று போவோம், எனக்கு ரொம்ப நேரத்தைத் தின்ற இடம் இது. அவந்தி ஃபீட்ஸ் 2018 ஜூனில் 2 ரூபாய் முகமதிப்புப் பங்கை 1 ரூபாயாகப் பிரித்தது. கூடவே இரண்டு பங்குக்கு ஒரு போனஸ். ஒரு பங்கு வைத்திருந்தவர் கையில் மூன்று. அதனால் ஒரே நாளில் விலை மூன்றில் ஒரு பங்காகத் தெரியும். திருத்தாமல் ரிட்டர்ன் (நாளுக்கு நாள் விலை மாறிய சதவீதம்) கணக்குப் போட்டால் அந்த ஒரு நாளில் மட்டும் சுமார் 67 சதவீத நட்டம் காட்டும். உண்மையில் யாரும் ஒரு பைசா இழக்கவில்லை. ஐந்து வருடச் சராசரி, திட்டவிலக்கம், பீட்டா (சந்தையோடு சேர்ந்து பங்கு எவ்வளவு அசைகிறது என்ற அளவு) எல்லாவற்றையும் அந்த ஒரு வரி கெடுத்துவிடும். மென்பொருள் எச்சரிக்கையும் செய்யாது.

செய்ய வேண்டியது: நிறுவனத்தின் கார்ப்பரேட் ஆக்‌ஷன்ஸ் (போனஸ், பங்குப் பிரிப்பு, டிவிடெண்ட்) பட்டியலை முதலில் எடுங்கள். எக்ஸ்-தேதிக்கு (பிரிப்பும் போனஸும் விலையில் தெரியத் தொடங்கும் நாள்) முந்தைய எல்லா விலையையும் அந்த விகிதத்தால் வகுங்கள் (இங்கே 3). அப்புறம் ரிட்டர்ன் பத்தியை ஏறுவரிசையில் அடுக்கி மேலே பத்து, கீழே பத்து வரிகளைக் கண்ணால் பாருங்கள். யாஹூ ஃபைனான்ஸ் எடுத்தால் அங்கே ‘குளோஸ்’ பங்குப் பிரிப்புக்குத் திருத்தியது, ‘அட்ஜஸ்டட் குளோஸ்’ டிவிடெண்டுக்கும் சேர்த்துத் திருத்தியது. எதை எடுத்தீர்கள் என்று ஆய்வேட்டில் எழுத வேண்டும். நான் யாஹூவைச் சரிபார்க்க மட்டுமே வைத்துக்கொள்வேன்.

படி 4: தேதி

வரி அறிவிப்பு மாதிரி நிகழ்வுகளுக்கு எந்த நாளை ‘பூஜ்ஜிய நாள்’ என்று வைப்பது? 2025-ஐப் பாருங்கள். இந்தியப் பொருள்களுக்கு 25 சதவீத வரி என்று அமெரிக்க அதிபர் சொன்னது ஜூலை 30. மேலும் 25 சதவீதம் என்று உத்தரவு வந்தது ஆகஸ்ட் 6. இரண்டும் நம் சந்தை மாலை 3.30-க்கு மூடிய பிறகு வந்தவை. ஆகவே விலை அசைய வேண்டிய நாள்கள் ஜூலை 31-உம் ஆகஸ்ட் 7-உம். அதே ஆகஸ்ட் 7-இல்தான் முதல் வரி நடைமுறைக்கும் வந்தது. எது எதனால் என்று பிரிக்க முடியாத நாள் அது. இரண்டாவது வரி அமலான ஆகஸ்ட் 27-ஐ எடுக்கலாம் என்றால், அன்றைக்கு விநாயகர் சதுர்த்தி, சந்தையே விடுமுறை! செய்தித்தாள் தேதியை அப்படியே போட்டால் எங்கே போய் நிற்கும் பாருங்கள்.

நிறுவன அறிவிப்புகளுக்கு பி.எஸ்.இ. (மும்பை பங்குச் சந்தை) தளத்தில் நேரமும் சேர்த்தே இருக்கும். அந்த நேரத்தையும் ஒரு பத்தியில் குறித்துக்கொள்ளுங்கள். ஒப்பீட்டுக் குறியீட்டுக்கு நிஃப்டி 50 வேண்டாம், சின்ன நிறுவனங்களுக்கு நிஃப்டி 500 பொருத்தம் என்பது என் கருத்து.

படி 5: டாலரும் ஏற்றுமதியும்

ரூபாய்–டாலர் ரெஃபரன்ஸ் ரேட்டை (அன்றாட அதிகாரபூர்வ மாற்று விகிதம்) 2018 ஜூலை முதல் எஃப்.பி.ஐ.எல். வெளியிடுகிறது, அதற்கு முன் ரிசர்வ் வங்கி. நீண்ட காலத் தொடருக்கு ரிசர்வ் வங்கியின் தரவுத்தளம் போதும். ஏற்றுமதிக்கு எம்பெடாவும் (கடல்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம்), வணிக அமைச்சகத்தின் டிரேட்ஸ்டாட் தளமும். உறைந்த இறாலுக்கு எச்.எஸ். குறியீடு (சரக்குகளை வகைப்படுத்தும் சர்வதேச எண்) 030617.

எம்பெடா கணக்குப்படி 2022-23-இல் 17.35 லட்சம் டன் கடல் உணவு ஏற்றுமதியானது, மதிப்பு 63,969 கோடி ரூபாய், டாலரில் 809 கோடி. 2023-24-இல் 17.81 லட்சம் டன், 60,523 கோடி ரூபாய், டாலரில் 738 கோடி. எடை கூடியிருக்கிறது. ரூபாயில் 5 சதவீதத்துக்கு மேல் சரிவு, டாலரில் கிட்டத்தட்ட 9 சதவீதச் சரிவு. ஒரே சரக்கு, மூன்று பதில். ரூபாய் மதிப்பை எடுத்து அதை டாலர் விலையோடு ரிக்ரஷன் (தொடர்பைக் கணக்கிடும் புள்ளியியல் முறை) போட்டால் இன்னொரு வில்லங்கம்: ரூபாய் மதிப்புக்குள்ளேயே டாலர் விலை உட்கார்ந்திருக்கிறது, தொடர்பு இருப்பதாகக் காட்டத்தான் செய்யும். எடையையோ டாலர் மதிப்பையோ எடுங்கள். இந்த எண்கள் ஏப்ரல்–மார்ச் ஆண்டுக்கானவை, ஐ.நா.வின் வணிகத் தரவுத்தளமான காம்ட்ரேடின் ஆண்டு ஜனவரி–டிசம்பர். இரண்டையும் கலக்க வேண்டாம்.

படி 6: நம் ஊர் தரவு

மாவட்ட அளவில் நிதி பற்றி எழுத, நபார்டு ஒவ்வொரு ஆண்டும் மாவட்டவாரியாக வெளியிடும் கடன் திட்ட அறிக்கை அருமையான ஆரம்பம். ராமநாதபுரத்துக்கும் தனியாக உண்டு. மீன்வளத்துக்கு எவ்வளவு கடன் தேவை என்று அதில் மதிப்பிட்டிருப்பார்கள். வங்கி டெபாசிட், கடன் இரண்டும் மாவட்டவாரியாக ரிசர்வ் வங்கியின் காலாண்டுப் புள்ளிவிவரத்தில் கிடைக்கும். முண்டு மிளகாய் விலைக்கு அக்மார்க்நெட் (விளைபொருள் சந்தை விலைத் தளம்). அங்கே குவிண்டால் கணக்கு, நம் ஆட்கள் மூடைக் கணக்கில் பேசுவார்கள், மாற்றிக்கொள்ளுங்கள்.

கடல் மீன் வரத்தை மாத வாரியாக எடுப்பவர்களுக்கு ஒன்று: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம். அந்த மாதங்களின் வீழ்ச்சியை ‘சந்தை அதிர்ச்சி’ என்று எழுதிவிடாதீர்கள். மாதங்களுக்கு டம்மி மாறி (அந்த மாதம் என்றால் 1, இல்லையென்றால் 0) வைத்தால் சரியாகிவிடும்.

சேர்த்தது: பழைய பவ்காப்பிகளையும் புதியவற்றையும் ஒட்டும்போது பத்தித் தலைப்புகள் பொருந்தவில்லை என்று கீழக்கரையிலிருந்து ஒரு தங்கை எழுதியிருந்தார். 2024 ஜூலையில் என்.எஸ்.இ. ஃபைலின் வடிவத்தையே மாற்றிவிட்டது, தலைப்புகள் எல்லாம் புதிய சுருக்கங்கள். இரண்டு காலத்தையும் தனித்தனி ஷீட்டில் வைத்து, தேதி, பங்குக் குறி, முடிவு விலை மூன்றுக்கும் நீங்களே பெயர் கொடுத்துவிட்டு ஒட்டுங்கள். ‘ஈக்யூ’ (சாதாரணப் பங்குகள்) வரிசையை மட்டும் வடிகட்டவும் மறக்க வேண்டாம்.

இன்னொன்று, தனியார் கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டது. ஒரே சந்தாத் திட்டத்தின் முதல் கட்டம் அரசு நிறுவனங்களுக்குத்தான். உங்கள் கல்லூரி என்-லிஸ்ட்டில் (கல்லூரிகளுக்கான மின்னிதழ்த் திட்டம்) உறுப்பினரா என்று நூலகரிடம் கேளுங்கள், இருந்தால் உங்கள் பெயரிலேயே லாகின் கொடுப்பார்கள். அதுவும் இல்லையென்றால் பிரவுசரில் அன்பேவால் நீட்டிப்பைப் போடுங்கள். சட்டப்படி இலவசமாக இருக்கும் பிரதி எங்காவது இருந்தால் கட்டுரைப் பக்கத்தின் ஓரத்தில் பச்சைப் பூட்டு திறந்து காட்டும்.