169.254 என்று வந்தால் பிரவுசரை நோண்டாதீர்கள்
"நெட் வரவில்லை" என்று யாராவது கூப்பிட்டால், முதலில் விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்டில் ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று அடித்து ஐபி முகவரியைப் பாருங்கள். அது 169.254 என்று ஆரம்பித்தால், நெட்வொர்க்கில் எல்லோருக்கும் முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி சர்வரிடமிருந்து முகவரி கிடைக்காமல் கம்ப்யூட்டரே ஒன்றைப் போட்டுக்கொண்டது என்று அர்த்தம். டிஎன்எஸ் (தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தருவது), ஆன்டிவைரஸ் பக்கமே போக வேண்டாம்.

ஒரு மெஷினுக்கு மட்டும் இப்படி என்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள், அப்புறம் நெட்வொர்க் சுவிட்சில் (கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் பெட்டி) வேறு போர்ட். பல பேருக்கு என்றால், சர்வரில் கொடுப்பதற்கு முகவரி மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். முகவரியின் முதல் மூன்று எண்களும் எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்கும் வழக்கமான 24 பிட் நெட்வொர்க்கில் மொத்தமே 254 முகவரிதான். விண்டோஸ் சர்வரோ, நாம் மாற்றாவிட்டால், ஒவ்வொன்றையும் 8 நாளுக்குக் கொடுத்துவிடும். வந்துபோகிறவர்களின் போன்களே எல்லாவற்றையும் காலி செய்துவிடும். வைஃபைக்கு அந்த 8 நாளைச் சில மணி நேரமாகக் குறையுங்கள்.

இன்னொரு கூத்தும் உண்டு. ஆபீஸ் முழுக்க 10-இல் தொடங்கும் முகவரி ஓட, ஓரிருவருக்கு மட்டும் 192.168.0 என்று வந்தால், யாரோ வீட்டு ரவுட்டரைக் கொண்டுவந்து மேஜைக்கு அடியில் சொருகியிருக்கிறார், அதுவும் தன் பங்குக்கு முகவரி கொடுக்கிறது. கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அந்த ரவுட்டரின் மேக் முகவரியை (ஒவ்வொரு நெட்வொர்க் கருவிக்கும் உள்ள அடையாள எண்) எடுத்து சுவிட்சில் தேடுங்கள், எந்த போர்ட் என்று காட்டிக்கொடுத்துவிடும்.